ஆக்சிமீட்டர் எண்ணை நம்புவதற்கு முன் ஒரு நிமிடம்

(நம் சமுதாயக் கூடத்தில் நடந்த ஞாயிறு மாலைச் சந்திப்பில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற தீவிர சிகிச்சைப் பிரிவு செவிலியர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாத பலர் கேட்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இத்தனை பேர் கீழே இறங்கி வந்ததற்கு நன்றி. இருபது நிமிடம்தான் என்று செயலாளர் சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

2021-ல் இரண்டாவது அலை வந்தபோது நம்மில் பலரும் அடித்துப் பிடித்து ஓர் ஆக்சிமீட்டர் வாங்கினோம். இப்போது அது பி.பி. மெஷினுக்குப் பக்கத்தில் அலமாரியில் கிடக்கிறது. கோவிட் பயம் குறைந்துவிட்டது, ஆனால் அந்தக் கருவிக்கு வேலை குறையவில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள், பல வருடம் புகைபிடித்து நுரையீரல் கெட்டவர்கள், இதயம் பலவீனமானவர்கள் நம் குடியிருப்பிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், இங்கே அப்பா அம்மா இருவர் மட்டும் என்று இருக்கும் வீடுகளும் நிறைய.

இரவு இரண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஆக்சிமீட்டரை மாட்டி, போட்டோ எடுத்து மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ஆஸ்பத்திரிக்குப் போவதா, விடியும்வரை காத்திருப்பதா என்பதை அந்த எண்ணை வைத்து முடிவு செய்கிறார்கள். எண் தப்பாகக் குறைவாக வந்தால் ஒரு வீண் அலைச்சலோடு போகும். தப்பாக நல்ல எண் வந்தால்? அங்கேதான் உயிர் ஊசலாடுகிறது. எனவே இன்று இரண்டே விஷயம் சொல்கிறேன். எண்ணை எப்படிச் சரியாக எடுப்பது, நல்ல எண் வந்த பிறகும் எப்போது அதை ஒதுக்கிவிட்டுக் கிளம்புவது.

கருவி எதைப் பார்க்கிறது?

கிளிப்பின் ஒரு பக்கத்தில் இரண்டு விளக்குகள் இருக்கின்றன. ஒன்று சிவப்பு ஒளி, சுமார் 660 நானோமீட்டர். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, சுமார் 940 நானோமீட்டர். மறுபக்கத்தில் ஒளியை வாங்கும் சென்சார். ஆக்சிஜன் ஏற்றிய ரத்தம் ஒருவிதமாகவும் ஆக்சிஜன் இல்லாத ரத்தம் வேறுவிதமாகவும் இந்த இரண்டு ஒளியையும் உறிஞ்சுகின்றன. அந்த வித்தியாசத்திலிருந்து கருவி சதவீதத்தைக் கணக்கிடுகிறது.

ஆனால் விரலில் தோல், நகம், எலும்பு, சதை எல்லாமே ஒளியை உறிஞ்சுமே, ரத்தத்தை மட்டும் எப்படிப் பிரிப்பது? இதற்கு வழி கண்டவர் தகுவோ ஆவோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர். நிஹான் கோடன் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். சாயம் செலுத்தி, காது மடல் வழியாக ஒளி பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்று அளக்க முயன்றுகொண்டிருந்தார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொல்லையை நீக்கப்போய், அந்தத் துடிப்பை வைத்தே ஆக்சிஜனை அளக்கலாம் என்று கண்டுகொண்டார். அது 1970-களின் முற்பகுதி. துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒளி தமனி ரத்தத்தால் வருவது. அசையாமல் இருப்பது மற்றதெல்லாம்.

இந்த ஒன்று மனதில் இருந்தால் மீதியெல்லாம் தானாகப் புரியும். கருவிக்கு வேண்டியது விரலில் நல்ல துடிப்பும், அந்தத் துடிப்பைக் குழப்பாத சூழ்நிலையும். விரல் சில்லென்று இருந்தால் துடிப்பு பலவீனமாகிவிடும். கை நடுங்கினால் நடுக்கத்தையே துடிப்பு என்று கருவி எடுத்துக்கொள்ளும்.

மாட்டும் முறை

முதலில் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். லிப்ட் வேலை செய்யாமல் மூன்று மாடி ஏறி வந்தவருக்கு உடனே மாட்டாதீர்கள். முதுகைச் சாய்த்து, பேசாமல், சாதாரணமாக மூச்சு விடட்டும்.

கை சூடாக இருக்க வேண்டும். ஏ.சி. அறையில் இருந்தவர், இப்போதுதான் பாத்திரம் கழுவியவர், வயதானவர் ஆகியோரின் விரல் நுனி பெரும்பாலும் குளிர்ந்தே இருக்கும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் அந்தக் கையை வைத்துச் சூடேற்றுங்கள்.

நகத்தைப் பாருங்கள். கருப்பு, கருநீலம், பச்சை போன்ற அடர்ந்த நகப்பூச்சு ஒளியைத் தடுக்கும், துடைத்துவிடுங்கள். ஒட்டு நகமும் நீண்ட நகமும் விரல் முழுதாக உள்ளே போகவிடாது. அரைத்து வைத்த மருதாணிச் சிவப்பு பெரும்பாலும் பெரிய தொல்லை தராது. கோனில் வரும் கருப்பு மெஹந்தி விரல் நுனியில் தடிமனாக இருந்தால் எண் குறைவாக வரலாம், வராமலே போகலாம். கல்யாண வீட்டிலிருந்து வந்தவர் என்றால் நிறம் படாத விரலைத் தேடுங்கள்.

ஆள்காட்டி விரல் அல்லது நடுவிரலை நகம் மேலே இருக்கும்படி, நுனி உள்ளே முட்டும்வரை விடுங்கள். பாதி விரலோடு நின்றால் ஒளி பக்கவாட்டில் கசிந்து சென்சாருக்குப் போய்விடும். கையை மேஜை மீதோ மார்பின் மீதோ வைத்து அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். கட்டிலிலிருந்து தொங்கவிடவும் வேண்டாம், போட்டோவுக்காகத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். வெயில் நேராக விழும் ஜன்னல் ஓரத்தைத் தவிருங்கள், அல்லது விரலின் மேல் ஒரு துணியைப் போடுங்கள்.

பி.பி. பட்டை கட்டிய கையில் ஆக்சிமீட்டரை மாட்டாதீர்கள். பட்டை இறுகும்போது விரலுக்கு ரத்தம் நின்றுவிடும், எண் விழுந்துவிடும். அதைப் பார்த்துப் பதறியவர்களை வார்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு கை பி.பி.க்கு, மறு கை ஆக்சிமீட்டருக்கு.

பிறகு காத்திருங்கள். மாட்டியதும் வரும் முதல் எண்ணை எழுதிக்கொள்ளாதீர்கள். கருவி பல துடிப்புகளின் சராசரியைத்தான் காட்டுகிறது. ஒரு நிமிடம் பொறுத்து, எண் ஆடாமல் நிற்கிறதா, ஏறி இறங்கும் கோடு சீராக இருக்கிறதா என்று பாருங்கள்.

நாடி பிடித்துப் பாருங்கள்

இன்று நான் சொல்வதில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போவதென்றால் இதை எடுத்துப் போங்கள். கருவியில் இரண்டு எண்கள் வரும். ஒன்று ஆக்சிஜன் சதவீதம், மற்றது நாடித்துடிப்பு. நோயாளியின் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக உங்கள் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். நீங்கள் எண்ணியதும் கருவி காட்டும் நாடியும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், கருவி உண்மையான துடிப்பைத்தான் பிடித்திருக்கிறது. நீங்கள் எண்ணியது 96, கருவி காட்டுவது 58 என்றால் அந்த ஆக்சிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம். விரலை மாற்றி மறுபடியும் எடுங்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் அதே கருவியை உங்கள் விரலில் மாட்டிப் பாருங்கள். நல்ல ஆரோக்கியமாக இருக்கும் உங்களுக்கு 97, 98 வந்து, அம்மாவுக்கு மட்டும் இரண்டு மூன்று விரலிலும் 89 வந்தால், “மெஷின் சரியில்லை” என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

எண்ணைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். நாடி 98, ஆக்சிஜன் 88 என்று இருப்பதை மாற்றிப் படித்து நிம்மதியாகப் படுத்துவிட வாய்ப்பு உண்டு. இன்னொன்று, 98-ஐத் தலைகீழாகப் பார்த்தால் 86. எதிரே உட்கார்ந்து படிப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வரும். சதவீதக் குறி எந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எந்த எண்ணுக்கு என்ன செய்வது?

நுரையீரல் நோய் இல்லாதவருக்குப் பொதுவாக 95 முதல் 100 வரை இருக்கும். 2022 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் கோவிட் வீட்டுத் தனிமைக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை எடுத்தும் 93 அல்லது அதற்குக் கீழே என்றால் மருத்துவ உதவி தேட வேண்டும் என்று இருந்தது. வேறு காய்ச்சல், சளி, நிமோனியாவுக்கும் இது நல்ல அளவுகோல்தான். ஆனால் நோயாளி சிரமப்படுகிறார் என்றால் மூன்று முறை எடுப்பதற்காகக் காத்திருக்காதீர்கள். 90-க்குக் கீழே போனால் அது அவசரம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

90 என்பதை ஏன் எல்லையாகச் சொல்கிறோம்? மலைப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். 98-லிருந்து 92 வரை மேட்டு நிலம் மாதிரி. ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் நிறையக் குறைந்தாலும் சதவீதம் கொஞ்சம்தான் இறங்கும். 90-க்குப் பிறகு செங்குத்துச் சரிவு. அழுத்தம் சிறிது குறைந்தாலும் சதவீதம் மளமளவென்று விழும்.

பல வருட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களில் பலருக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று டாக்டரே சொல்லியிருப்பார். அவர்களுக்கு இஷ்டப்படி ஆக்சிஜனை ஏற்றினால் உடலில் கரியமில வாயு சேர்ந்து மயக்கநிலை வரலாம். அதனால் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தாலும், எத்தனை லிட்டர் என்று டாக்டர் சொல்லாமல் திறக்காதீர்கள்.

இந்தக் கருவி தராசு அல்ல. கருவி 90 என்று காட்டினால் உண்மை 86 முதல் 94 வரை எங்கேயும் இருக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ. 2021-ல் எச்சரித்தது. தோலின் நிறமும் இதில் சேர்கிறது. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கருவி நல்ல எண் காட்டியும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையின நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. நம் தோல் நிறத்திலும் எத்தனையோ வகை. அதனால் 92, 93 போன்ற ஓர எண்களில் “இன்னும் 90-க்குக் கீழே போகவில்லையே” என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஒரே ஓர் எண்ணைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் அதிகம் சொல்லும். காலையில் 97, மதியம் 95, ராத்திரி 93 என்றால் அது ஒரு கதை சொல்கிறது.

நல்ல எண், மோசமான நிலைமை

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த பகுதி.

கார்பன் மோனாக்சைடு விஷம். குளியலறைக்குள் கேஸ் கீசர், ஜன்னல் சாத்தியிருக்கிறது. அல்லது மழைக்காலத்தில் மின்சாரம் போய், பால்கனியிலோ மூடிய இடத்திலோ சிறு ஜெனரேட்டர் ஓடுகிறது. அந்த வாயு ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ஆக்சிமீட்டருக்கு வித்தியாசம் தெரியாது, மூச்சடைத்துக் கிடப்பவருக்கும் 98 என்று காட்டும். குளித்துக்கொண்டிருந்தவர் தலைவலி, தலைசுற்றல், வாந்தி என்றாலோ மயங்கி விழுந்தாலோ ஆக்சிமீட்டரைத் தேடாதீர்கள். கீசரை அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரத்தசோகை. கருவி சொல்வது சதவீதம். இருக்கிற பேருந்துகளில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று சொல்லும். மொத்தம் எத்தனை பேருந்து ஓடுகிறது என்று சொல்லாது. ஹீமோகுளோபின் 14 இருக்க வேண்டிய இடத்தில் 6 இருந்தாலும் எண் 98 வரலாம்.

ஆஸ்துமா. ஆரம்பத்தில் எண் நன்றாகவே இருக்கும், ஏனென்றால் அந்த ஆள் முழு பலத்தோடு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறார். களைத்துப்போகும்போது வேகமாக விழும்.

ஏற்கெனவே ஆக்சிஜன் குழாய் மாட்டியிருப்பவருக்கு 97 என்றால், அது ஆக்சிஜன் உதவியோடு வந்த 97. குறித்து வைக்கும்போது எத்தனை லிட்டரில் என்று சேர்த்து எழுதுங்கள். நெஞ்சுவலி, பக்கவாதம் ஆகியவற்றிலும் எண் நன்றாக இருப்பது எதையும் உறுதி செய்யாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஆளைப் பாருங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடிகிறதா, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறதா? அவருக்குத் தெரியாமல் மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வில் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்கும். 24-ஐத் தாண்டினால் டாக்டரிடம் பேசுங்கள், 30-ஐத் தொட்டால் கிளம்புங்கள். படுக்க முடியாமல் எழுந்து உட்காருகிறாரா? விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளிழுக்கிறதா? உதட்டின் உட்புறமும் நாக்கும் நீலம் பாய்ந்திருக்கின்றனவா? பேச்சு குழறுகிறதா, காரணமில்லாமல் தூங்கி வழிகிறாரா? இதில் ஒன்று இருந்தாலும், கருவி 99 காட்டினாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

டாக்டரிடமோ 108-லோ பேசும்போது இந்த வரிசையில் சொல்லுங்கள்: வயது, என்ன சிரமம், எப்போதிலிருந்து; ஆக்சிஜன் எண், அது சாதாரணக் காற்றிலா ஆக்சிஜனோடா; நாடி; ஒரு நிமிட மூச்சு எண்ணிக்கை; ஏற்கெனவே உள்ள நோய்கள். அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். “எண் நார்மல்தான் டாக்டர்” என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள்.

வீட்டு அட்டெண்டர்களுக்கும் சொல்லுங்கள்

படுக்கையில் இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் சகோதரிகள் சிலர் கிளிப்பை ராத்திரி முழுக்க விரலிலேயே விட்டுவிடுகிறார்கள். விரல் கிளிப் அதற்கானதல்ல. தொடர்ந்து அழுத்தினால் மெல்லிய தோல் புண்ணாகும். சர்க்கரை நோயாளிக்கு அந்தப் புண் எளிதில் ஆறாது. தொடர்ந்து கவனிக்க வேண்டியவருக்கு அலாரம் உள்ள மானிட்டர் வேண்டும்; அதிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை விரலை மாற்ற வேண்டும். கைக்குழந்தைகளுக்குப் பெரியவர்கள் கிளிப் சரிவராது. அவர்களுக்குப் பாதத்தில் சுற்றி ஒட்டும் சென்சார் தனியாக இருக்கிறது.

ஒருவருக்குப் பயன்படுத்திய பிறகு ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் உள்பக்கத்தைத் துடையுங்கள், தண்ணீரில் கழுவாதீர்கள். பல மாதம் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கசிந்த பேட்டரியோடு கிடக்கும் கருவி இரவு இரண்டு மணிக்கு உதவாது.

கேள்வி நேரத்தில் கேட்கப்பட்டவை

*கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் போதாதா?*

மணிக்கட்டில் ஒளி ஊடுருவிப் போவதில்லை, பட்டுத் திரும்பி வருவதைத்தான் வாட்ச் பார்க்கிறது. பட்டை தளர்ந்திருந்தாலே தவறும். பொதுவான ஆர்வத்துக்குச் சரி. மூச்சு வாங்கும் ஒருவரை வைத்துக்கொண்டு அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். போன் கேமராவில் விரல் வைத்தால் ஆக்சிஜன் சொல்லும் என்று வரும் செயலிகளை இறக்கவே வேண்டாம்.

*என் கணவர் ஒரு நாளைக்கு இருபது முறை பார்க்கிறார். நல்லதுதானே?*

டாக்டர் சொன்ன இடைவெளி போதும் அம்மா. 96, 97, 96 என்று ஆடுவது கருவியின் இயல்பு, உடம்பின் கோளாறு அல்ல. பதற்றத்தில் மூச்சு வேகமாகி, அதனாலேயே சிரமம் போலத் தோன்றும். காலை, மாலை ஒரே நேரத்தில், ஒரே விரலில் எடுத்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

*டாக்டர் ஆறு நிமிடம் நடந்துவிட்டு எடுக்கச் சொன்னார். எல்லோரும் செய்யலாமா?*

டாக்டர் சொன்னவர்கள், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யலாம். ஓய்வில் இருக்கும்போதே மூச்சு வாங்குபவரும், நெஞ்சுவலி உள்ளவரும் அந்தச் சோதனை பக்கமே போகக் கூடாது.

ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்த வாரம், வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே, ஒவ்வொருவருக்கும் நிதானமாக எடுத்து, ஆக்சிஜன், நாடி, எந்தக் கை, எந்த விரல் என்று ஒரு தாளில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். உடம்பு சரியில்லாத அன்று ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல அளவு வேறில்லை. தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் போய் எடுத்துக் கொடுங்கள். மணிக்கட்டில் நாடி எண்ணத் தெரியாதவர்கள் தேநீர் நேரத்தில் என்னிடம் வாருங்கள், உங்கள் கையிலேயே காட்டித் தருகிறேன்.